அந்த கிளட்ச்சை அமுக்கியது யாருடைய கால்?

உங்களிடம் கற்று லைசென்ஸ் வாங்கிய பலருக்குக் கார் ஓட்டத் தெரியாது. தப்பு அவர்களுடையது இல்லை. உங்களுடையது.

டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் நமக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் கொடுத்திருக்கிறார்கள். நாம் மிதித்தால் ஓட்டுகிறவர் பக்கத்துப் பெடலும் சேர்ந்து இறங்கும். ஆபத்துக்காக வைத்தது. நீங்கள் அந்த கிளட்ச்சை வகுப்பு முழுக்க மிதித்துக்கொண்டே இருக்கிறீர்கள். கற்க வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொல்லும் பக்கம் கியர் லிவரைத் தள்ளுகிறார். கார் குலுங்காமல் கிளம்புகிறது. அவர் தான் ஓட்டுவதாக நினைத்துச் சிரிக்கிறார். நீங்களும் "சூப்பர்" என்கிறீர்கள். லைசென்ஸோடு வீட்டுக்குப் போய்த் தன் காரில் ஏறுகிறார். அது ஒரு குதி குதித்து நின்றுபோகிறது. அதற்குப் பிறகு நீங்கள் அவரைப் பார்ப்பதே இல்லை.

கோபமாகத்தான் எழுதுகிறேன். திருவண்ணாமலையில் நான் இந்த வேலையில் இருந்த காலம் முழுக்க, "அந்த மேடம்கிட்ட போவாதீங்க, வள்ளுனு விழுவாங்க" என்று சொல்லியே ஆட்களைப் பக்கத்து ஸ்கூலுக்கு அனுப்பினார்கள். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இடது முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏற முடியவில்லை. எல்லாருக்காகவும் கிளட்ச் மிதித்த கால் அது. ஆனால் எழுத உட்கார்ந்தது திட்டுவதற்கு மட்டும் இல்லை. நான் நன்றி சொல்ல வேண்டிய சிலர் இருக்கிறார்கள். அவர்களைச் சொன்னால்தான் உங்களை ஏன் திட்டுகிறேன் என்பது விளங்கும்.

முதல் ஆள் ஒரு மெக்கானிக். பெயரைப் போட்டால் என்னைப் பட்டறைப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அதனால் போடவில்லை. எங்கள் ஸ்கூல் கார் விலை குறைந்த சின்ன கார். நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் அதன் மேல் ஏறுவார்கள். ஒரு சமயம் மூன்றாவது கியர் போடும்போதெல்லாம் கர்ரென்று பல் கடித்தது. கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பாருங்கள் என்றேன். அவர் ஸ்பானரைக்கூட எடுக்கவில்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"கிளாஸ் எடு, பாப்போம்."

ஒரு மாணவியை ஓட்டவைத்து, வேங்கிக்கால் பக்கம் ஒரு சுற்று போய் வந்தோம். இறங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பெட்டி நல்லாத்தான்மா இருக்குது. ரெண்டு பேரு கிளட்ச்ச அமுக்குறீங்க. அந்தப் பொண்ணு நீ அமுக்குவேன்னு கம்மியா அமுக்குது. நீ, அது அமுக்குதுன்னு கம்மியா அமுக்குற. முழுசா அமுக்கினவங்க ஒருத்தருமில்ல. பல்லு கடிக்காம இன்னா பண்ணும்?"

எனக்கு எரிச்சல். "அப்ப கியர் ஆயிலாச்சும் மாத்திக் குடுங்க" என்றேன்.

"மாத்துறேன். ஆயில் மாத்துறது எனக்கு ஈஸி. கால மாத்துறது உனக்குக் கஷ்டம்."

அவரிடம் நான் கேட்ட நல்ல வார்த்தை எதுவும் நினைவில்லை. திட்டு எல்லாமே நினைவிருக்கிறது. லிவர் மேல் கையை வைத்தபடியே ஓட்டினால், "அது இன்னா பஸ் கம்பியா, புடிச்சிக்கினே வர? உள்ள கியர தள்ளுற கவட்டை தேஞ்சிடும்" என்பார். வண்டி நின்று முடிவதற்குள் ரிவர்ஸ் போடுகிறவரைக் கண்டால் பட்டறைக்குள்ளிருந்தே கத்துவார். கார் நின்ற இடத்தில் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒரு முறை, "கிளட்ச் பெடல் கொஞ்ச நாளா கெட்டியா இருக்குது" என்று நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது, "உன் காலுக்கு வலு கம்மியாவலமா. கேபிள் உள்ள இழை இழையா அறுந்துக்கினு இருக்குது. இன்னைக்கே மாத்து" என்றார். நான் அன்றைக்கு மாற்றவில்லை. அந்த வாரமே அடி அண்ணாமலை பக்கம் வகுப்பில் இருக்கும்போது கேபிள் அறுந்து பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது.

போன் போட்டு, கேபிளை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

"நான் இன்னாத்துக்கு வரணும்? நீ ஓட்டிக்கினு வா."

"கிளட்ச் இல்லாம எப்படிங்க?"

"ஓடும். நின்ன எடத்துல கியர் விழாது. நியூட்ரல்ல இன்ஜின ஸ்டார்ட் பண்ணிட்டு யாரையாச்சும் தள்ளச் சொல்லு. வண்டி நல்லா உருளும்போது லிவர ரெண்டு வெரல்ல புடிச்சு ஃபர்ஸ்ட் கியர் வாசல்ல வையி. இடிக்காத. இன்ஜினும் சக்கரமும் ஒரே வேகத்துக்கு வந்துச்சுன்னா அதுவே உள்ள வாங்கிக்கும். எடுக்கணும்னா ஆக்ஸிலரேட்டர விடு, லிவர் லேசாவும், அப்போ எடு. காத வெச்சுக் கேளு, அவ்ளோதான்."

அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே பட்டறை வரை வந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார்.

"பல்லு கடிச்சுதா?"

"ஒரு தடவ."

"பரவால்ல" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிவரப் போனார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், அன்று அவர் கேபிளோடு வந்திருந்தால் பிற்பாடு ஓர் உயிர் நடுரோட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

கஸ்தூரி கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்து ஊர்க்காரர். நிலக்கடலை போடும் குடும்பம். என் வயதுதான். கணவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை எங்கள் ஊர் மருத்துவமனையில் டயாலிசிஸ். வாடகைக் கார்க்காரர் வராவிட்டால் அன்றைய டயாலிசிஸ் போயிற்று. தவறினால் அவருக்குக் கால் வீங்கும், மூச்சு வாங்கும். பெங்களூரில் இருக்கும் மகன் தன் பழைய சின்ன காரை வீட்டில் விட்டுப் போயிருந்தான். அதை ஓட்டிக் கணவரைத் தானே கூட்டிப்போக வேண்டும் என்றுதான் கஸ்தூரி ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். என்னிடம் வரும்போது கையில் லைசென்ஸே இருந்தது.

"லைசென்ஸ்தான் வாங்கிட்டீங்களே, அப்புறம் எங்கிட்ட எதுக்கு?"

"லைசென்ஸ் இருக்குது மேடம். வண்டிதான் நவுரல."

"டெஸ்ட்ல ஓட்டினீங்களா இல்லியா?"

"சூப்பரா ஓட்டினேனே! சொல்லிக்குடுத்த தம்பி அத்தினி பேரு முன்னால கை தட்டுச்சு. அப்பால மறந்துட்டேன் போலருக்குது."

மறந்துவிட்டதாக நினைத்து அந்த ஸ்கூலுக்கே திரும்பப் போயிருக்கிறார். அங்கே மற்ற மாணவர்கள் நிற்கும்போது அந்தத் தம்பி சொன்னதாம்: "வயசாயிடுச்சுல்லக்கா, இனிமே கால் கேக்காது. ஆட்டோமேட்டிக் வண்டி ஒண்ணு வாங்கிக்குங்க." எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நானும் சிரிச்சேன் மேடம். வாஸ்தவந்தானேன்னு."

முதல் வகுப்பில் என் காரைக் கிளப்பும்போது சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டார்.

"மேடம், பேய் புடிச்ச மாதிரி பெடல் தானா கீழ போவுது!"

நான் என் காலைக் குனிந்து பார்த்தேன். அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கஸ்தூரியும் எட்டிப் பார்த்தார்.

"அங்கயும் இப்படித்தான் போவும். நல்ல வண்டி போலருக்குது, பெடலு எம்மாம் லேசா இருக்குதுன்னு நெனச்சேன்." பிறகு என்னிடம் திரும்பினார். "உங்க கால எடுத்து மேல வைங்க."

"ஆபத்துன்னா நான் பிரேக் புடிக்கணுமில்ல?"

"பிரேக்குக்கு வலது கால் போதுமில்ல? அந்த எடது கால மடிச்சு வைங்க, சொல்றேன்."

அன்றிலிருந்து இடது காலை சீட்டின் மேல் மடித்துப் போட்டுக்கொண்டுதான் வகுப்பு எடுத்தேன். கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காதவள் மாதிரி இருந்திருப்பேன். ஆனால், தேய்ந்தது தேய்ந்ததுதான் என்றாலும், பல வருடங்களாக இருந்த முழங்கால் வலி குறைந்தது. டாக்டர் சொல்லாத வைத்தியத்தை ஒரு மாணவி சொன்னார். அதற்கும் நன்றி.

ஆக்ஸிலரேட்டரைத் தொடக் கூடாது, கிளட்ச்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியை நகர்த்த வேண்டும். இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யவைத்தேன். கார் குதித்துக் குதித்து நின்றது. "இதுக்கு எங்க வூட்டு எருமை தேவல, ரெண்டு போட்டா நடக்கும்" என்று திட்டினார். பிறகு ஒருநாள், "மேடம், கால்ல ஒரு நடுக்கம் தெரியுது" என்றார். கிளட்ச் பிடிக்கிற இடம் அதுதான். அதைக் காலால் கண்டுபிடித்தவர் பிறகு மறப்பதில்லை. உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் அதை உணர்ந்திருக்கிறார்கள்? நீங்கள் விட்டால்தானே.

பிறகு அவருடைய காருக்கு மாறினோம். அதில் என் பக்கம் பெடல் கிடையாது. மெக்கானிக் எனக்குச் சொன்ன கிளட்ச் இல்லாத வித்தையையும் வயல் ஓரத்து ரோட்டில் காட்டினேன். "இது இன்னாத்துக்கு, சர்க்கஸுக்கா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே செய்தார். அந்தக் காரின் பெடல் கெட்டியாக இருந்தது. கேபிளை மாற்றியே ஆக வேண்டும் என்றேன். பட்டறையில் பௌர்ணமி முடியட்டும் என்றார்கள். ஆட்கள் எல்லாரும் கிரிவலப் பாதையில் அன்னதானத்துக்குச் சாம்பார் கிண்டப் போய்விட்டார்கள்.

பௌர்ணமி நெருங்கினால் வாடகைக் கார்கள் வெளியூர்க்காரர்களுக்குப் போய்விடும், உங்களுக்கே தெரியும். அந்த வாரம் வாடகைக் கார் வராமல் ஒரு டயாலிசிஸ் தவறிவிட்டது. அடுத்தது பௌர்ணமி அன்றைக்கே. அதையும் விட்டால் ஆபத்து என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கஸ்தூரி எனக்குப் போன் செய்தார்.

"நான் எடுக்கிறேன் மேடம். நீங்க பக்கத்துல சும்மா குந்துங்க, போதும்."

கேபிளைப் பற்றிச் சொன்னேன். "வேற வழி சொல்லுங்க" என்றார். எங்கள் ஸ்கூல் காரும் அந்தப் பட்டறையில்தான் நின்றது, என்னிடம் வேறு வழி இல்லை. பஸ் பிடித்துப் போனேன்.

மதியத்துக்கு மேல் கிளம்பினோம். பின் சீட்டில் அவர் கணவர், தலையணைக்குச் சாய்ந்தபடி. முகம் ஊதியிருந்தது. பேசினால் நடுவில் மூச்சுக்கு நின்றார். ஊர் எல்லை வரை கஸ்தூரி நன்றாகவே ஓட்டினார். தற்காலிக பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் ரோடு முழுக்க ஜனம். பஸ்ஸிலிருந்து இறங்கி மலையைப் பார்த்து நடக்கிற கூட்டம். அதற்குள் கார் ஓட்டுவது எப்படி என்று நமக்குத் தெரியும். ஹாரன் அடிக்கக் கூடாது, அடித்தால் சண்டை. முக்கால்வாசிப் பேர் கிளட்ச்சைப் பாதி அமுக்கியபடி ஊர்ந்து ஊர்ந்து அதைத் தீய்த்துவிடுவார்கள். கஸ்தூரி அப்படிச் செய்யவில்லை. இடைவெளி வரும்வரை நின்று, பிறகு நகர்ந்தார். அப்படி ஒரு முறை நின்று, கிளட்ச்சை அமுக்கி ஃபர்ஸ்ட் கியர் போட்டபோது டப்பென்று ஒரு சத்தம். கார் ஒரு துள்ளு துள்ளி நின்றது. அவருடைய வலது கால் பிரேக்கில் இருந்தது. அதனால் முன்னால் போன பெரியவர் மேல் படவில்லை. அந்தக் காலுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

"பெடல் மேல வரல மேடம்."

கேபிள் போயிற்று. மருத்துவமனை தூரமில்லை. ஆனால் பின்னால் இருப்பவர் நடக்க முடியாது. பௌர்ணமிக்காக ஆட்டோக்களை அந்த ரோட்டில் விடவில்லை; எங்கள் காரையே மருத்துவமனைச் சீட்டைக் காட்டிய பிறகுதான் விட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸுக்கு அடித்தேன், லைனே கிடைக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் ஓடிவந்தார்.

"வண்டிய ஓரங்கட்டுங்கம்மா! ஜனம் நிக்குது பாருங்க!"

அப்போது ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான் ஸ்டியரிங்குக்கு மாறினால் கார் நிச்சயம் போய்ச் சேரும். கிளட்ச் இல்லாமல் ஓட்டிப் பழகியவள் நான். ஆனால் முன்னால் ஜனத்தை விலக்க, தள்ள ஆள் பிடிக்க, இந்தப் போலீஸ்காரரோடு சண்டை போட ஒரு வாய் வேண்டும். கஸ்தூரி வெளியே இறங்கி அத்தனை பேரை அதட்டுவாரா? மாட்டார். லிவரை இரண்டு விரலில் பிடிப்பாரா? வயல் ஓரத்தில் பிடித்திருக்கிறார். தப்பாகப் போனாலும் பிரேக்கை மிதித்தால் இன்ஜின் நின்றுபோகும், யார் மேலும் ஏறாது.

"நீங்களே ஓட்டுங்க. நான் எறங்குறேன்" என்றேன்.

"மேடம்..."

"சர்க்கஸான்னு கேட்டீங்கல்ல? அதேதான்."

இறங்கினேன். போலீஸ்காரரிடம், "உள்ள இருக்கிறவருக்கு டயாலிசிஸ். ஓரங்கட்டினா அவரு அந்த ஓரத்துலயே கெடப்பாரு. தள்ளுறீங்களா, வழி விடுறீங்களா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். பிறகு முன்னால் போட்டிருந்த தடுப்பை இழுத்து ஒதுக்கப் போனார். அவரை நான் திட்டியிருக்க வேண்டியதில்லை. வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்த ஆட்களை நிறுத்தித் தள்ளச் சொன்னேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மாலை போட்ட இளைஞர்கள் ஒரு கூட்டமாக வந்து காரின் பின்னால் கை வைத்தார்கள். உள்ளே கஸ்தூரி நியூட்ரலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

"எப்போ தள்ளணும்னு சொல்லுங்கம்மா!"

நான் வாயைத் திறப்பதற்குள் காருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அதுவரை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவர் ஜன்னல் கதவைக் கையால் தட்டினார்.

"போலாம்... ரைட்!"

"அரோகரா!" என்று தள்ளினார்கள். கார் உருண்டது. நான் முன்னால் விந்தி விந்தி ஓடினேன். "வழி விடுங்க, சாமி, வழி விடுங்க!" காதை மட்டும் பின்னால் வைத்திருந்தேன். கர்ரென்று ஒரு கடி. போச்சு என்று நினைத்தேன். உடனே அது அடங்கி, இன்ஜின் காரை இழுக்கிற சத்தம் வந்தது. கியர் உள்ளே வாங்கிக்கொண்டது.

கூட்டம் குறுக்கே வந்தபோது உள்ளிருந்து "ஓல்டான்!" என்று குரல். கஸ்தூரி லிவரை நியூட்ரலுக்கு எடுத்துவிட்டு பிரேக் பிடித்தார். மறுபடியும் "ரைட்", மறுபடியும் "அரோகரா". இரண்டாவது முறை கடிக்கவே இல்லை. அதற்குப் பிறகும் கடிக்கவில்லை. கூட்டம் தாண்டி ரோடு விரிந்ததும் இளைஞர்கள் கையை எடுத்துவிட்டார்கள். கார் போய்க்கொண்டே இருந்தது. என்னை ஏற்றிக்கொள்ள நிற்கவில்லை. நிற்கக் கூடாது. நின்றிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது கஸ்தூரியின் கணவருக்கு ஊசி போட்டு மெஷினில் படுக்கவைத்திருந்தார்கள். வேறு ஆளுக்குக் கொடுக்காமல் அந்தப் படுக்கையை நர்ஸ் பிடித்து வைத்திருந்தார். அவருக்கும் நன்றி. கஸ்தூரி காரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், நீங்க வெளிய இருந்தீங்க."

"ஆமா."

"உங்க காலு வண்டிக்குள்ளயே இல்ல. நாந்தான் ஓட்டினேன்."

"நீங்கதான் ஓட்டினீங்க."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்போ டெஸ்ட்ல ஓட்டினது யாரு மேடம்?" என்று கேட்டார். "எனக்கு வயசாயிடுச்சு, கால் கேக்காதுன்னு அந்தத் தம்பி அத்தினி பேரு முன்னால சொல்லுச்சே. நானும் பல்ல இளிச்சிக்கினு நின்னேனே. இப்போ கேட்டுச்சே காலு? அத அதே மாதிரி நாலு பேரு முன்னால அந்தத் தம்பியே சொல்லட்டும்."

மறுநாள் மெக்கானிக் புது கேபிள் போட்டார். கியர்பாக்ஸை இறக்குவாரோ என்று பயந்து, "பெட்டிக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "இத ஓட்டினவங்க யாரு? உன்ன விட நல்லா ஓட்டியிருக்காங்க" என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு. அதுவும் எனக்கு இல்லை. ஆனாலும் அதை நான் வாங்கிக்கொண்டேன்.

கஸ்தூரி இப்போதும் அதே காரில்தான் கணவரைக் கூட்டி வருகிறார். பின் சீட்டிலிருந்து "ரைட்" வராமல் கிளம்புவதில்லை.

தம்பிகளே, தங்கைகளே, கற்றுக்கொள்ள வருகிறவரின் காலை நம்பி விடுங்கள். வண்டி நாலு தடவை நிற்கட்டும். நிற்காமல் யாருக்கும் வராது. இதைச் சொல்ல எனக்கு ஒரு திட்டுகிற மெக்கானிக்கும், என் காலை எடுக்கச் சொன்ன ஒரு மாணவியும் கிடைத்தார்கள். நான் கொடுத்துவைத்தவள்.

கடைசியாக உங்களில் ஒருவருக்கு. டெஸ்ட் அன்று நீங்கள் கஸ்தூரிக்குப் பக்கத்து சீட்டில் இருந்தீர்கள். வெளியே நின்று டெஸ்ட் எடுத்த அதிகாரிக்கு முகம் தெரிந்திருக்கும், கால் தெரிந்திருக்காது. உங்கள் பெயர் எனக்குத் தெரியும், எழுதவில்லை. நம் டிரைவிங் ஸ்கூல் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு கஸ்தூரி தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். முன் வரிசையில் உட்காருவார். அத்தனை பேர் முன்னால் கை தட்டியவர் நீங்கள், அத்தனை பேர் முன்னால் சிரிக்கவைத்தவரும் நீங்கள். அதே மாதிரி எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: அன்றைக்கு அந்த கிளட்ச்சை அமுக்கியது யாருடைய கால்?